பிரிஜ் முடியட்டும்

சம்பள நாளில்தான் எங்களை நிறுத்துவார்கள்.
ஜனவரி இருபத்தைந்து, யூனியன் பிளேஸ்,
பதினொரு மாடிக் கட்டடம்,
லிஃப்டுக்கும் தண்ணீர்ப் போத்தல் மெஷினுக்கும் நடுவே
என் மடக்கு மேசை.
மேசையில் ஒரு மாதிரி அட்டை,
கறுப்பு, எண்களெல்லாம் பூச்சியம்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
‘உங்கள் பெயர்’ என்று தங்க எழுத்து.

மாதம் முடிய ஆறு நாள்.
எனக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்.

நான்காம் மாடிக் கணக்குப் பிரிவிலிருந்து துவாரகி வந்தாள்.
வயது இருபத்துநான்கு.
மூன்றாவது மாதமாக அதே கேள்வி:
“அண்ணா, இது எனக்கு எப்ப சரி?”

பயிற்சியில் தந்த விடை கைவசம் உண்டு:
இன்றைக்கு.
முதல் வருடம் கட்டணம் இல்லை, தங்கச்சி.
கட்டுநாயக்கவில் ஓய்வறை.
கொள்ளுப்பிட்டியில் ஒரு சாப்பாட்டுக்கு இன்னொன்று சும்மா.
உங்கட ஓவர்டைமையும் கூட்டினால்
சம்பளம் மட்டுமட்டாய் எட்டும்.

“ஒடிட் முடிஞ்சா ஓவர்டைமும் முடிஞ்சிடும் அண்ணா.”

பிறகு ஓய்வறையை விசாரித்தாள்.
சோபா இருக்குமா, கட்லட் இருக்குமா.
எல்லாம் இருக்கும் என்றேன். நான் போனதில்லை.
அவள் அந்தப் பக்கம் போனது இரண்டு தடவை,
இரண்டும் தம்பியை டோஹாவுக்கு ஏற்றிவிட.
“கண்ணாடிக்கு வெளியில நிக்கிற ஆக்களுக்கு
இதால ஏதும் உண்டா?”
கையேட்டைப் புரட்டினேன்.
அப்படி ஒரு பக்கம் இல்லை.

தன் பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள்.
நீலம், மூலை உரிந்தது,
ஐம்பதாயிரத்துக்கு மேல் மூச்சு விடாது.
அதற்குள் ஒரு பிரிஜ் இருந்தது.
இருபத்துநான்கு தவணை, பதினெட்டு போய்விட்டது.
வெள்ளவத்தையில் மூன்று பெட்டைகள் சேர்ந்திருக்கும் அறை,
முதல் நாள் உறைந்த ஐஸை
கரண்டியால் தட்டித் தின்றார்களாம், இரவு ஒரு மணிக்கு.
ஒவ்வொரு பதினேழாம் திகதியும் கட்டுவாள்.
ஒருதரம் போயா, சனி, ஞாயிறு என்று இழுபட்டு
இருபதாகிவிட்டது.
“அந்தத் தண்டக் காசுக்கு
ஒரு மாதம் முட்டை வாங்கியிருப்பன்.”

படிவத்தை மடித்து எனக்கே திருப்பித் தந்தாள்.
“பிரிஜ் முடியட்டும் அண்ணா.
முடிஞ்ச பிறகு மூண்டு மாதம்
அந்தத் தவணைக் காசைத் தொடாமல்
என்னால இருக்க முடியுதா எண்டு பாக்கிறன்.
முடிஞ்சா எடுக்கிறன்.
முடியாட்டி,
எனக்கு இது வேண்டாம் எண்டு அர்த்தம்.”

இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னால்
வகுப்பு நடத்துகிறவனுக்கு வேலை போகும்.

நான் எடுத்தது இருபத்துமூன்றில்.
பம்பலப்பிட்டிச் சீனக் கடையில் பதினொரு பேர்,
பில் வந்ததும் ‘நான் பார்க்கிறேன்’ என்று கை நீட்டின சுகம்!
பிறகு அந்தக் கையை மடக்கத் தெரியவில்லை.
ஆறு வருடமாக ஆகக் குறைந்த தொகை மட்டும்.
இப்போது நான் விற்கும் அட்டையை
இந்த வங்கி எனக்குத் தராது.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

மேசைக்குக் கீழே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்,
மேலாளர் காணாதது.
பர்ஸான், கலியாணச் செலவு முடிய.
நிலக்ஷி, வேலை நிரந்தரமானால்.
அதன்கீழ் எழுதினேன்:
துவாரகி, பிரிஜ், நவம்பர்.

ஐந்து மணிக்கு லிஃப்ட் திறந்தது.
ஒன்பதாம் மாடிப் பொடியன் ஒருவன்,
வேலைக்கு வந்து நாலு மாதம்,
சப்பாத்தின் வெள்ளை இன்னும் அழுக்காகவில்லை.
இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.
படிவத்தை வாசிக்கவும் இல்லை.
“எங்க கையெழுத்து, அண்ணா?”

கொப்பி முழங்காலில் கிடந்தது.
பேனை அதற்குள் இருந்தது.
எடுத்து நீட்டினேன்.

இன்னும் ஐந்து பேர்.